துருஸ்பெக்கும் குலாவும் இளைத்த கதை

துருஸ்பெக் சிரித்தால் கோக்-ஜார் ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும். குரல் பெரிது என்பதால் அல்ல. எங்கள் ஊருக்கும் நரின் நகரத்துக்கும் நடுவே அவன் ஓட்டும் வேனில், ஸ்டியரிங்குக்கும் அவன் வயிற்றுக்கும் இடையே ஒரு தாள்கூட நுழையாது. சிரித்தால் வயிறு குலுங்கும். குலுங்கினால் ஹாரன் அடிக்கும். முன்சீட்டில் யாராவது வம்பு பேசிக்கொண்டு வந்தால் மலைப்பாதை நெடுக ஹாரன் சத்தம்தான். ஆடு மேய்ப்பவர்கள் முதலில் பதறிப்போய் மந்தையை ஓரம் கட்டினார்கள். பிறகு பழகிவிட்டது. "துருஸ்பெக்குக்கு இன்னிக்கு நல்ல பேச்சுத்துணை கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

பிறக்கும்போதே அவன் இப்படி இல்லை. இளவயதில் மேய்ப்பன். ஒல்லிக்குச்சி. குலா என்ற மங்கல் மஞ்சள் குதிரையில் ஏறினால் இறங்கவே மாட்டான். ஒரு வருடம் கணவாயில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வழி தெரியவில்லை. வேறு குதிரையாக இருந்தால் வீட்டைப் பார்த்து ஓடியிருக்கும். குலா ஓடவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு துருஸ்பெக் விடியும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தான். அதன்பிறகு குலாவை அவன் குதிரை என்று நினைத்ததே கிடையாது. பெற்ற பிள்ளைகளைவிட அதன்மேல் கொஞ்சம் கூடுதலாகவே பிரியம் வைத்திருந்தான். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

பிறகு வேன் வந்தது. வேனோடு வயிறும் வந்தது. எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு யாரும் பயணம் போவதில்லை. சுடச்சுட ரொட்டி, மாவை எண்ணெயில் பொரித்த போர்சோக், குதிரைக் குடலில் கொழுப்பை அடைத்துக் கட்டிய காஸி என்று ஆளுக்கொரு மூட்டை. மூட்டையை அவிழ்த்தால் முதல் துண்டு ஓட்டுநருக்கு. ஒரு வேனில் எத்தனை பேர், எத்தனை மூட்டை! துருஸ்பெக் யார் மனதையும் புண்படுத்தியதில்லை.

இந்த வருடம் வசந்தத்தில் பனி உருகிப் புல் தலை காட்டியதும் அவனுக்குப் பழைய ஆசை வந்தது. குலாவுக்குச் சேணம் கட்டினான். தரையிலிருந்து ஏற முடியாததால் வேன் பம்பர்மேல் நின்று ஏறினான். குலா ஒரு முனகு முனகியது. கால் நான்கும் கொஞ்சம் மடங்கின. அடுத்து வார் நழுவி, சேணம் மெல்லச் சுற்றிக்கொண்டு போய், துருஸ்பெக் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கினான். குலா குனிந்து அவன் காதுக்குப் பக்கத்திலிருந்த புல்லை மேய்ந்தது.

அவனை அவிழ்த்தெடுக்க மனைவி புருல்சாவும் அவள் தம்பி மம்பெத்தாலியும் வரவேண்டியிருந்தது. மம்பெத்தாலி கத்தி பிடிப்பவன். குளிர்காலம் தொடங்கி நிலம் இறுகியதும் வீட்டுக்கு ஒரு கொழுத்த குதிரையை அறுத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த வேலைக்கு ஊரே அவனைத்தான் கூப்பிடும். மச்சானைக் கீழே கிடத்திய கையோடு அவன் குலாவின் பிடரிமயிருக்கு அடியில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"அடேயப்பா! நாலு விரல் கொழுப்பு, எஜே. உட்கார்ந்தே தின்னுருக்கான். ஊரிலேயே இவன்தான் நல்ல சரக்கு."

அக்காவை நாங்கள் எஜே என்போம். எஜே யோசித்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் அன்று மாலை தேநீர் ஊற்றிக்கொண்டே. "ஏற முடியாத குதிரை எதுக்கு? நீங்க ஒரு மூலையில தின்னுட்டு உட்காந்திருக்கீங்க, அவன் ஒரு மூலையில தின்னுட்டு நிக்கிறான். ரெண்டு பேருக்கும் நான் எங்க போவேன்? ஒருத்தரையாவது குளிர்காலத்துக்குப் பானையில போட்டுடலாம்."

"யாரை?" என்றான் துருஸ்பெக் பயந்துபோய்.

"உங்களை அறுத்தா ஊர்ல பேசுவாங்க. குலாவைத்தான்."

துருஸ்பெக்கின் கையிலிருந்த போர்சோக் பாதி வழியில் நின்றது. அவன் வாழ்க்கையில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

கெஞ்சினான். பனிப்புயலைச் சொன்னான். புருல்சா அந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டவள். அவள் கெட்டவள் இல்லை. கணவன் படியேறும்போது விடும் மூச்சைக் கேட்டு, சமையலறையில் தனியாக நின்று அழுதவள்தான். அதை அவனிடம் சொன்னால் சிரித்து ஹாரன் அடிப்பான் என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தாள்.

"சரி. நிலம் இறுகுற அன்னிக்கு நீங்க அவன்மேல ஏறி, ஆத்துப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. வந்துட்டா அவன் இருக்கட்டும். வரலேன்னா தம்பியைக் கூப்பிடுவேன்."

மறுநாளே துருஸ்பெக் ஊர் மருந்தகத்துக்குப் போனான். அங்கே நர்ஸ் ஜீபெக்கின் எடை மெஷினில் ஏறியதும் முள் கடைசி வரை ஓடி, அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. "பைகே, இது மனுசங்களுக்கானது" என்றாள் அவள். பைகே என்றால் அண்ணன். மரியாதையாகத்தான் சொன்னாள். கால்நடைச் சந்தைத் தராசுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே இரண்டு கிடாய்களுக்கு நடுவே நின்று எடை பார்த்துக்கொண்டு திரும்பினான். வெளியூர் வியாபாரி ஒருவன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டானாம்.

"காய்கறி சாப்பிடணும் பைகே" என்றாள் ஜீபெக்.

"அதுதான் சாப்பிடுறேனே. ஆடு புல்லைத் தின்னுது, நான் ஆட்டைத் தின்னுறேன். நடுவுல ஒரு ஆளைப் போட்டு வேலை வாங்குறேன், அவ்வளவுதானே!"

ஜீபெக் சிரிக்கவில்லை. இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் செய்த முதல் காரியம் பட்டினி. வெள்ளரிக்காயும் தண்ணீரும். மறுநாள் பகலில் வேனின் பின்னால் ஒரு குடும்பம் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மூட்டை போர்சோக் ஏற்றியது. அப்போதுதான் பொரித்தது. வாசனை முன்சீட்டுக்கு வந்து அவன் தோளைத் தொட்டுக் கூப்பிட்டது. மலை வளைவில் "டயர் பார்க்கணும்" என்று வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போனவன் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா போய்ப் பார்த்தபோது மூட்டை பாதிக்கு இறங்கியிருந்தது.

"சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோறது பைகே!" என்று அலறினாள்.

"உப்பு சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றான் துருஸ்பெக், வாய் நிறைய.

செய்தி அவனுக்கு முன்பே மருந்தகத்துக்குப் போய்விட்டது. ஜீபெக் அவனை நிற்கவைத்தே திட்டினாள். "பட்டினி கிடக்கச் சொன்னேனா? ரெண்டு நாள் கிடப்பீங்க, மூணாவது நாள் ஊரையே தின்பீங்க. சாகுற வரைக்கும் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் செய்யுங்க. சின்னக் கிண்ணத்துல சாப்பிடுங்க. தேநீர்ல பாலேடு வேண்டாம். ராத்திரி கொழுப்பு வேண்டாம். இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம்னு தோணும்போதே எந்திரிச்சுடுங்க. தினம் காலையில நடங்க. மெதுவாத்தான் குறையும். மெதுவா குறைஞ்சாத்தான் திரும்பி வராது."

சின்னக் கிண்ணம் சிரமமாக இருந்தது, ஆனால் பழகியது. நடைதான் வினையாகிப்போனது.

எங்கள் ஊரில் யாரும் சும்மா நடப்பதில்லை. ஒருவன் நடந்து போகிறான் என்றால் அவன் வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும், இல்லை மனைவி துரத்தியிருக்க வேண்டும். துருஸ்பெக்கின் வண்டி வாசலில் நல்லபடியாக நின்றது. அதனால் ஊருக்குச் சந்தேகமே இல்லை. முதல் வீட்டு அயிம்கான் கிழவி படலைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, புருல்சா இப்படிப் பண்ணிட்டாளே! வா உள்ள, ரொட்டி வாயில படாம என் வாசலைத் தாண்டக் கூடாது."

இதற்கு மறுபேச்சு கிடையாது. விரித்த துணிமேல் ரொட்டி இருக்கும்போது ஒரு துண்டு பிட்டு வாயில் போடாமல் எங்கள் வீடுகளை யாரும் தாண்ட முடியாது. அவசரமாகப் போகிறவன்கூடக் குதிரைமேல் இருந்தபடியே ஒரு துண்டு வாங்கி மென்றுவிட்டுத்தான் போவான். துருஸ்பெக் ஒரு துண்டு பிட்டான். "வெறும் ரொட்டியா? வெண்ணெய் என்ன பாவம் செஞ்சுது?" என்றாள் கிழவி. வெண்ணெயைத் தொட்டான். வெண்ணெய்க்குத் தேநீர், தேநீருக்கு ஜாம், ஜாமுக்கு இன்னொரு ரொட்டி. ஆறுதல் சொல்லி வெளியே அனுப்பியபோது பக்கத்து வீட்டில் படல் திறந்திருந்தது. அங்கே ராத்திரி மிஞ்சிய ஆட்டிறைச்சி வறுவல் இருந்தது. தெருக்கோடி வரை நடந்து திரும்பியவன் மதியம் வரை படுக்கையைவிட்டு எழவில்லை. ஒரு வாரம் இப்படி நடந்தான். சந்தைத் தராசில் ஏறியபோது எடை கூடியிருந்தது.

"நடந்து கொழுத்தவனை உலகத்துல இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் புருல்சா.

அன்று துருஸ்பெக் லாயத்தில் குலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். வெட்கத்தைவிட்டு அழுதான் என்றே சொல்லலாம். குலா அவன் தொப்பியை நக்கியது. அப்போதுதான் யோசனை தோன்றியது. ஆள் தனியாக நடந்தால்தானே சந்தேகம்? குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஏதோ வேலையாகப் போகிறான் என்று விட்டுவிடுவார்கள்.

மறுநாள் விடியலில் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டான். எங்கள் மலையில் கோடையிலும் விடியற்காலை பல் கிட்டும். கிழக் குதிரைக்குக் குளிருமே என்று பழைய கம்பளி விரிப்பு ஒன்றை அதன் முதுகில் போட்டுக் கட்டினான். அயிம்கான் கிழவி படலைத் திறந்தாள். குதிரையைப் பார்த்தாள். கம்பளியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு படலை மூடிவிட்டாள்.

பந்தயக் குதிரையைத் தயார் செய்பவன்தான் அதைக் கம்பளி போர்த்தி, விடியலில், ஏறாமல், கூடவே நடத்திக்கொண்டு போவான். தீனியைக் குறைப்பான். வேர்க்கவைத்துக் கொழுப்பைக் கரைப்பான். அந்த நேரத்தில் அவனை யாரும் கூப்பிடக் கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, குதிரையை உற்றுப் பார்க்கக் கூடாது. கண் பட்டுவிடும். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். துருஸ்பெக் எதிரில் வந்தவர்களுக்குப் பதில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியதால் பேச முடியவில்லை. ஊர் அதை ரகசியம் என்று எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து தெரு முழுக்க அவனுக்கு வழிவிட்டது. அவன் வரும் நேரத்தில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் கறந்தார்கள். ரொட்டி என்ற பேச்சே இல்லை. முதலில் பள்ளிக்கூடம் வரை, பிறகு கல்லறை மேடு வரை, பிறகு பாலம் வரை நடந்தான். குலா எப்போதும் அவனுக்கு வலப்பக்கம், தோளுக்குத் தோள். அவன் நின்று மூச்சு வாங்கினால் அதுவும் நின்று மூச்சு வாங்கும். வேனிலும் பயணிகள் மூட்டையை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பந்தயத்துக்குத் தயாராகிறவனுக்கு வாய்க்கட்டு இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

அயிம்கான் கிழவி ஒருநாள் புருல்சாவிடம் காதோடு கேட்டாள். "குலா ரொம்ப வேகமாமே? ஆத்தைத் தாவுதாமே?"

"யாரு, எங்க குலாவா? அது மேல உக்காந்த ஈகூட அலுத்துப்போய் இறங்கி நடக்கும்."

"அதைத்தான் சொல்றேன், வாயே திறக்க மாட்டேங்கறீங்க. கெட்டிக்காரக் குடும்பம்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள் கிழவி.

இலையுதிர்காலப் பந்தயம் வந்தது. துருஸ்பெக் குலாவோடு அந்தப் பக்கமே போகவில்லை. ஊர் ஏமாறவில்லை. அதைவிடப் பெரிய பந்தயத்துக்கு வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, இன்னும் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

இதற்கிடையில் ஓர் அதிசயம் நடந்தது. நரினிலிருந்து வரும் வழியில் ஒருநாள் யாரோ நல்ல வம்பு ஒன்றை அவிழ்த்துவிட, துருஸ்பெக் கண்ணில் நீர்வரச் சிரித்தான். ஹாரன் அடிக்கவில்லை. வேனே அமைதியானது. பின்சீட்டில் ஒருத்தி, "பைகேவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். துருஸ்பெக் குனிந்து பார்த்தான். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. அதில் கையை நுழைத்து நுழைத்துப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒரு பள்ளத்தைக் கவனிக்கவில்லை.

நிலம் இறுகியது. குறித்த நாள் வந்தது. குலா சேணத்தோடு வெளியே வரப்போகிறது என்று கேள்விப்பட்டு ஊரே பாதையோரம் நின்றது. மம்பெத்தாலியும் வந்திருந்தான். கத்தியை உறையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தான். அதைப் பார்த்ததும் துருஸ்பெக் குலாவை இரண்டடி தள்ளி நிறுத்தினான்.

சேணம் கட்டினான். பம்பர் வேண்டியிருக்கவில்லை. தரையிலிருந்தே காலை வைத்து எழும்பி உட்கார்ந்தான். குலா முனகவில்லை. கால் மடங்கவில்லை. வார் நழுவவில்லை. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். புருல்சா தலைத்துணியின் நுனியால் மூக்கைச் சிந்தினாள்.

"போடா கண்ணு" என்றான் துருஸ்பெக்.

குலா நகரவில்லை.

குதிகாலால் தட்டினான். நாக்கைச் சொடுக்கினான். கெஞ்சினான். குலா கழுத்தைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தது. அங்கே தினமும் கூட நடக்கும் ஆளைக் காணோம். எங்கே போய்த் தொலைந்தான் என்பதுபோலச் சுற்றும் முற்றும் பார்த்துக் கனைத்தது. துருஸ்பெக் இறங்கினான். குலா உடனே பாலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. இழுத்து நிறுத்தி ஏறினான். நின்றுவிட்டது. இறங்கினான். நடந்தது.

மம்பெத்தாலி தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஊரே சிரித்தது. அயிம்கான் கிழவி மட்டும், "பாத்தீங்களா, ரகசியத்தைக் காட்ட மாட்டேங்கறான்" என்றாள்.

துருஸ்பெக் சிரிக்கவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றான். ஏறச் சொன்னபடி ஏறிவிட்டான். போகத்தான் முடியவில்லை. கோடை முழுக்க நடந்ததெல்லாம் வீண் என்று தோன்றியது. "இவனை விட்டுடு புருல்சா" என்றான். "என்னால முடிஞ்சதைப் பண்ணிட்டேன்."

"சொன்ன சொல் சொல்தான் மச்சான்" என்று எழுந்து வந்தான் மம்பெத்தாலி. வழக்கம்போலக் குலாவின் பிடரிக்கு அடியில் விரலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். விலாவைத் தடவினான். கம்பிக் கதவைத் தடவுவதுபோல விரல் ஏறி இறங்கியது. முகம் விழுந்துபோனது.

"எஜே, என்ன இது? நாலு விரல் இருந்துச்சே! இப்ப நகக்கண் அளவுகூட இல்லையே! குடலுக்குள்ள எதை அடைக்கிறது, காத்தையா? இதை அறுத்தா என் கத்திக்குத்தான் கேவலம்."

புருல்சா வந்து தானும் தடவிப் பார்த்தாள். பிறகு, எல்லாரும் பார்க்க, கணவனின் இடுப்பையும் தடவிப் பார்த்தாள். அங்கேயும் பழைய சரக்கு இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. மெலிஞ்சதை அறுக்க முடியாது. அடுத்த வருஷம் கொழுத்தா பாக்கலாம். இந்த வருஷத்துக்கு உன் வீட்டு மாட்டுல பாதியைக் குடு, தம்பி."

"கொழுத்தாத்தானே?" என்றான் துருஸ்பெக் மெல்ல.

"கொழுத்தாத்தான்" என்றாள் புருல்சா.

அவன் கணக்குப் புரிந்தவனாகக் குலாவைப் பார்த்தான். குலா பாலத்தைப் பார்த்தது. இருவரும் நடந்தே போய்விட்டுத் திரும்பினார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஒருநாள்கூட விடவில்லை. விட்டால் குலா கொழுக்கும், கொழுத்தால் பானை. விருந்துகளில் இரண்டாம் தட்டை நீட்டுகிறவர்களிடம் கையை நெஞ்சில் வைத்து, "காலையில வேலை இருக்கு" என்பான். மம்பெத்தாலி வரும்போதெல்லாம் குலாவின் பிடரிக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவான்.

பனி மிக மோசமாக இருந்த ஒரு விடியலில் மட்டும் துருஸ்பெக் போர்வையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டான். இன்று ஒருநாள் போகட்டும் என்று நினைத்தான். போர்வை விலகியது. புருல்சா ஒரு கையில் அவன் மேலங்கியையும் இன்னொரு கையில் குலாவின் கம்பளியையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்திரிங்க. கொழுத்துப் போச்சு."

"யாரு?" என்றான் அவன் தூக்கக் கலக்கத்தில்.

"ரெண்டு பேரும்தான். எந்திரிங்க, எனக்கு ரெண்டு பேரும் வேணும்."